சபையில் நடந்த வரி வகுப்பு: கணக்கெழுதுகிறவளின் மதிப்புரை

கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் குடிமக்கள் கடமைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எங்கள் சபை ஒரு வகுப்பு நடத்தியது. ஆறு அமர்வுகள், கையில் ஒரு பாடப் புத்தகம், கடைசியில் கணக்குச் சந்தேகங்களுக்கு ஓர் உதவி மேசை. சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேருங்கள். இரண்டாவது, மூன்றாவது அமர்வுகளை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஐந்தாவதற்குப் போகும்போது கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே நீங்கள் கேட்டால்தான் பதில் வரும். ஆறாவது அமர்வுக்கு வேறு வேலை இருந்தால் அதைப் பார்க்கலாம்.

நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவள். சின்னக் கடைக்காரர்கள், ஒப்பந்த வேலை எடுப்பவர்கள், வாடகை வாங்குகிறவர்கள் என்று பலருடைய வரவு செலவு என் மேசைக்குத்தான் வரும். அவர்களில் பாதிக்கு மேல் விசுவாசிகள். தசமபாகத்தை, அதாவது சபைக்கென்று வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, முதல் வேலையாக எடுத்துத் தனி உறையில் போட்டு வைப்பவர்கள். அதே ஆள் வருஷக் கடைசியில் எதிரே உட்கார்ந்து, "அக்கா, இந்த வரவு மட்டும் நோட்டுல வேண்டாமே" என்பார். குரலில் தயக்கம்கூட இருக்காது. தசமபாகத்தில் காசு குறைந்தால் தூக்கம் வராத மனுஷருக்கு இது ஏன் உறுத்தவில்லை என்று நான் பல வருஷமாக யோசித்திருக்கிறேன். காணிக்கையைப் பற்றி அவர் நூறு பிரசங்கம் கேட்டிருப்பார், வரியைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டிருக்க மாட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். அந்தக் குறையைத் தீர்க்க ஒரு சபை முன்வந்ததே பெரிய காரியம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வேதாகமக் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பிக்கும் அம்மா. இன்னொருவர் வரித்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். எல்லாரும் அவரை ஐயா என்றே கூப்பிட்டோம். ஒருவர் வசனத்தைத் திறப்பார், மற்றவர் அதைக் கொண்டுபோய்க் கணக்கு நோட்டில் வைப்பார். இந்தச் சேர்மானம்தான் வகுப்பின் பலம். போதகர் மட்டும் நடத்தியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும், அதிகாரி மட்டும் நடத்தியிருந்தால் அலுவலகச் சுற்றறிக்கையாகியிருக்கும்.

முதல் அமர்வில் அந்த அம்மா எங்கள் கையில் ஒரு காசைக் கொடுத்தார். ரோமப் பேரரசன் திபேரியு இராயன் காலத்து வெள்ளித் தெனாரியத்தின் நகல். அசல் காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்றார், நகலும் அந்த அளவுக்கே செய்யப்பட்டிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் இராயனின் தலை, சுற்றிலும் எழுத்து: திபேரியு இராயன், தெய்வீக அகஸ்துவின் மகன். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவம், கூடவே பிரதான குரு என்ற பட்டம். வரிசையில் ஒவ்வொருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது" என்று இயேசு கேட்டதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த மேலெழுத்து ஒரு மனுஷனைத் தெய்வத்தின் மகன் என்று சொல்கிறது என்பதை அன்றுதான் விரலால் தடவிப் பார்த்தேன்.

இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்கப்பட்ட இடம் எருசலேம் தேவாலயம். கேட்டவர்கள் பரிசேயரின் சீஷரும், ஏரோதின் ஆதரவாளர்களான ஏரோதியரும். வரி கட்டலாம் என்றால் ஜனங்கள் வெறுப்பார்கள், கட்ட வேண்டாம் என்றால் ரோமரிடம் பிடித்துக் கொடுக்கலாம். இந்த வரிக்குப் பின்னால் இரத்தம் சிந்திய வரலாறு இருந்தது. கி.பி. 6இல் யூதேயா ரோம மாகாணமாகி, சிரேனியு குடிமதிப்பு எழுதியபோது, கலிலேயனாகிய யூதாஸ் அதை எதிர்த்து எழும்பினான். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் யூத வேத ஆசிரியர் கமாலியேல் இவனைப் பற்றித்தான் சொல்கிறார். தேவனை ஆண்டவராக உடையவர்கள் ரோமருக்கு வரி கட்டுவது கோழைத்தனம் என்று அவன் சொன்னதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜொசிபஸ்) எழுதியிருக்கிறார். அப்படியானால் இயேசுவிடம் கேட்டது ஏதோ தர்க்கப் புதிர் இல்லை, ஆளைக் கொல்லக்கூடிய கேள்வி. கடைசியில் அவர்மேல் சுமத்திய குற்றச்சாட்டிலும் அது இருக்கிறது: இராயனுக்கு வரி கொடுக்க வேண்டுவதில்லை என்று சொன்னார் என்று பிலாத்துவிடம் கூசாமல் பொய் சொன்னார்கள். லூக்கா 23ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம்.

அவர் காசைக் காட்டச் சொன்னபோது கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதை அந்த அம்மா அழுத்திச் சொன்னார். இராயனுடைய காசில் வாங்கி விற்று வாழ்கிறவர்கள், இராயனுக்கு மட்டும் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்கள் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அரசாங்கம் போட்ட சாலையில் சரக்கு வர வேண்டும், கடன்காரன் ஏமாற்றினால் அரசாங்க நீதிமன்றம் வேண்டும், கணக்கில் மட்டும் அரசாங்கம் வேண்டாம்.

"இராயனுடையதை இராயனுக்கும்" என்ற பாதி வசனத்தோடு நிற்காமல் "தேவனுடையதை தேவனுக்கும்" என்ற மறுபாதிக்கும் அவர் வந்தார். காசில் இராயனின் சாயல் என்றால், மனுஷன்மேல் இருப்பது தேவசாயல். ஆகவே இராயன் காசைக் கேட்கலாம், ஆளைக் கேட்க முடியாது. எல்லை அங்கே இருக்கிறது என்றார். இதை இன்னும் விரித்திருக்கலாம், நேரம் முடிந்துவிட்டது.

இரண்டாவது அமர்வு ரோமர் 13, அதாவது பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம். என்னைக் கேட்டால் இந்த வகுப்பின் இருதயம் இதுதான். அந்த நிருபம் ஏறக்குறைய கி.பி. 57இல், நீரோ ஆட்சியில், தலைநகரத்திலேயே இருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. அடுத்த வருஷமே, அதாவது 58இல், வரி குத்தகைக்காரர்களின் கொள்ளையைப் பற்றி ஜனங்கள் நீரோவிடம் முறையிட்டதை ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதியிருக்கிறார். மறைமுக வரிகளை முழுவதுமாக ஒழித்துவிடலாமா என்றுகூட நீரோ யோசித்தானாம். ஆலோசகர்கள் தடுத்த பிறகு, அதுவரை மறைத்து வைத்திருந்த வரி விதிகளைப் பொதுவில் எழுதி வைக்கும்படி உத்தரவு போட்டான். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்த விதிப்படி எவ்வளவு வாங்குகிறார்கள் என்றே தெரியாத ஜனங்கள் நடுவில் இருந்தவர்களுக்குத்தான் பவுல், "எவனுக்கு வரியைச் செலுத்தவேண்டியதோ அவனுக்கு வரியையும், எவனுக்குத் தீர்வையைச் செலுத்தவேண்டியதோ அவனுக்குத் தீர்வையையும் செலுத்துங்கள்" என்று எழுதுகிறார். நல்ல அரசாங்கம் வரட்டும், அப்புறம் கட்டலாம் என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை.

அதே அதிகாரத்தின் 5ஆம் வசனத்தில் ஐயா எங்களை வெகுநேரம் நிறுத்தி வைத்தார். தண்டனைக்குப் பயந்து மாத்திரமல்ல, மனச்சாட்சியினிமித்தமும் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது அது. "முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலை முழுக்க இந்த வசனத்தின் முதல் பாதிதான்" என்றார். "நோட்டீஸ் அனுப்புவேன், அபராதம் போடுவேன், பயப்படுவார்கள், கட்டுவார்கள். இரண்டாவது பாதி எந்த அலுவலகத்தாலும் முடியாது. அது சபையின் வேலை." இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

நாம் வழக்கமாக 7ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம், அவர்கள் 8ஐயும் சேர்த்து வாசித்தார்கள். வரியைச் செலுத்துங்கள் என்ற கையோடு பவுல், அன்புகூருகிற கடனைத் தவிர வேறு எதிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிறார். உடனே பிறனை நேசிப்பதற்குப் போகிறார், விபசாரம், கொலை, களவு என்று கட்டளைகளை அடுக்குகிறார். வரி அந்த வரிசையின் வாசலில் நிற்கிறது. நான் மறைக்கும் தொகை காற்றில் கரைந்து போவதில்லை, இன்னொருவன் தலையில் விழுகிறது. மாதச் சம்பளத்தில் பிடித்தம் போகும் ஊழியரால் எதையும் மறைக்க முடியாது, அவர் சுமக்கிறார். ஆஸ்பத்திரியில் படுக்கை குறைகிறது, பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் குறைகிறார். நான் பல வருஷமாக மனதில் வைத்திருந்து வார்த்தை கிடைக்காமல் இருந்த காரியம் இது. வரி ஏய்ப்பை அரசாங்கத்துக்கு எதிரான சாமர்த்தியமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். ரோமர் 13 அதை அயலானுக்கு எதிரான களவின் பக்கத்தில் வைக்கிறது.

மூன்றாவது அமர்வுக்கு வந்தவர்கள் அதிகம். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு வழக்கு. பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து பேச வேண்டும். ரசீது வேண்டாம் என்றால் விலை குறைக்கிறேன் என்று சொல்லும் வியாபாரியிடம் விசுவாசி என்ன செய்வது? வேலையாளுக்குச் சம்பளத்தில் பாதியைக் கணக்கிலும் பாதியைக் கையிலும் கொடுக்கும் முதலாளி பரிசுத்தவானா? ஊழியக்காரருக்கு வீடுகளில் கையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பு வருமானமா? நன்கொடையைவிடக் கூடுதல் தொகைக்கு ரசீது எழுதிக் கொடுக்கும் சபைப் பொருளாளர் யாருக்கு உதவுகிறார்?

எங்கள் வட்டத்தில் கட்டட வேலை செய்யும் ஓர் அண்ணன் இருந்தார். சம்பள வழக்கு வந்தபோது அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, எனக்குக் கையில குடுத்தா அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சாரத்துல இருந்து விழுந்தப்ப, நான் வாங்குன சம்பளமே பாதின்னு எழுதி இருந்துச்சு. நஷ்ட ஈடும் பாதிதான் வந்துச்சு." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். அதுவரை அந்த வழக்கை முதலாளிக்கும் அரசுக்கும் நடுவிலான விஷயமாகவே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசிய பிறகு வட்டத்தில் இருந்த இரண்டு முதலாளிகள் தலை நிமிரவில்லை. யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறதே, அந்தக் கூக்குரல் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அதே அண்ணன்தான் பிறகு ஐயாவிடம் நேரே கேட்டார்: "ஐயா, நான் கட்டுற வரியிலதானே லஞ்சம் வாங்குறவனும் சம்பளம் வாங்குறான்?" வகுப்பிலேயே சிறந்த கேள்வி இது. ஐயா மழுப்பவில்லை. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர், அதாவது வரி வாங்குகிறவர்கள், வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட இடத்தைத் திறந்தார். வேலையை விடு என்று யோவான் சொல்லவில்லை. கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றான். அதாவது வாங்குகிறவனுக்கும் அதே வேதம்தான் சட்டம். கட்டுகிறவனிடம் நேர்மையைக் கேட்கிற சபை, வாங்குகிறவனிடமும் செலவழிக்கிறவனிடமும் அதைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்றார். சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 16ஆம் நூற்றாண்டிலேயே, வரிப்பணம் ஏறக்குறைய ஜனங்களின் இரத்தம், அதை வீணடிப்பது கொடுமை என்ற பொருளில் அதிபதிகளை எச்சரித்ததையும் சொன்னார். ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குத்தான் நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்கும் தைரியம் இருக்கும் என்பது என் அனுபவம். மறைக்கிறவன் எந்த அலுவலகத்தின் படியிலும் சத்தமாகப் பேசமாட்டான்.

சலுகையைப் பயன்படுத்துவது வேறு, ஏய்ப்பது வேறு என்பதையும் இந்த அமர்வில் தெளிவாகப் பிரித்தார்கள். சட்டம் தரும் கழிவை எடுத்துக்கொள்வதில் பாவம் எதுவும் இல்லை. சில விசுவாசிகள் கழிவு கேட்பதையே பேராசை என்று நினைத்துக் குழம்புகிறார்கள், சிலர் போலி வவுச்சரையே திட்டமிடல் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சோதனையைக் கொடுத்தார் ஐயா: இந்தக் கணக்கை அதிகாரி முன்னால் விளக்கிச் சொல்ல முடியுமா, அல்லது அவர் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று ஜெபிப்பாயா? நான் இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் இதையே கேட்கிறேன்.

ஏற்கெனவே மறைத்துவிட்டவர்கள் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டான். பதிலாக, லூக்கா 19இல் வரும் ஆயக்காரர் தலைவன் சகேயுவின் கதை வந்தது. திருடின ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமத்தில் உள்ள கணக்கு. தானாக வந்து அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவனுக்கு முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும் என்கிறது எண்ணாகமம் 5. சகேயு யாரும் கேட்காமலே களவுக்கான கணக்கைத் தன்மேல் போட்டுக்கொண்டு, நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். கணக்குத் தெரிந்தவன் மனந்திரும்பினால் அது கணக்கிலும் தெரியும். பிறகு ஐயா திருத்திய கணக்கைத் தாக்கல் செய்வது, தாமதக் கட்டணம், தானாக முன்வந்து அறிவிப்பது என்று நடைமுறையை விளக்கினார். நாட்டுக்கு நாடு விதி மாறும், ஆனால் ஆராதனையில் கண்ணீர் விட்டால் பாக்கி தீராது, பாக்கியைக் கட்டினால்தான் தீரும் என்பது எல்லா இடத்துக்கும் பொது.

நான்காவது அமர்வு ஆதிச் சபை. நன்றாக இருந்தது, ஆனால் அவசரம். கி.பி. 155 வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், வரி கட்டுவதில் நாங்கள் எல்லாரையும்விட முந்துகிறோம் என்று அந்தோனினு பயஸ் பேரரசனுக்கே எழுதினார். 197இல் இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன் ஒரு படி மேலே போனார். கிறிஸ்தவர்களால் கோயில் வரும்படி குறைகிறது என்ற புகாருக்கு அவர் சொன்ன பதில் ஒரு கணக்கரின் பதில்: கோயில் வரும்படி குறையலாம், மற்ற வரிகள் எங்களுக்கு நன்றி சொல்லும், பிறரை ஏமாற்றக் கூடாது என்ற அதே விசுவாசத்தோடு நாங்கள் செலுத்த வேண்டியதைச் செலுத்துகிறோம், உங்கள் பொய்க் கணக்குகளால் கருவூலத்துக்குப் போகும் நஷ்டத்தைக் கூட்டிப் பாருங்கள். தங்களைச் சிங்கத்துக்குப் போடும் அரசிடம் இப்படி நிமிர்ந்து பேசியிருக்கிறார்கள். நாம் நம் காலத்து அரசிடம் இதைச் சொல்ல முடியுமா?

இதே அமர்வில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போனது எனக்கு வருத்தம். 313இல் அவர் சபைக் குருமாருக்குப் பொதுக் கடமைச் சுமைகளிலிருந்து விலக்குக் கொடுத்தார். உடனே வசதி படைத்தவர்கள் அந்தச் சுமையிலிருந்து தப்பிக்கக் குருப்பட்டம் தேடி ஓட ஆரம்பித்தார்கள். சில வருஷங்களிலேயே அரசு அதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டி வந்தது. பணக்காரர் உலகத்தின் சுமையைச் சுமக்கட்டும், ஏழைகள் சபையின் செல்வத்தால் பிழைக்கட்டும் என்பது 326இல் வந்த சட்டத்தின் சாரம். சபைக்குக் கிடைத்த வரிவிலக்கு முதல் தலைமுறையிலேயே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது! இதைப் பற்றி ஒரு முழு அமர்வு வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் இன்றும் பல நாடுகளில் சபைகளுக்கு வரிவிலக்கு இருக்கிறது. அந்த விலக்கு மற்றவர்கள் கட்டும் வரியிலிருந்து நமக்குக் கிடைக்கும் கொடை. அதற்குப் பதிலாக நாம் கொடுக்கக் கூடியது திறந்த கணக்குதான். வகுப்பு முழுவதிலும் தனிமனிதனின் நோட்டைத்தான் புரட்டினார்கள், சபையின் நோட்டை யாரும் எடுக்கவில்லை. நான் கை தூக்கிக் கேட்டேன். "நல்ல கேள்வி, பிறகு பேசலாம்" என்றார்கள், பிறகு பேசவில்லை. அடுத்த முறை நடத்தும்போது இதைச் சேர்க்கும்படி எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாவது அமர்வைப் பற்றி எனக்கு இரண்டு மனது. மனசாட்சிக்காக வரி மறுத்த கிறிஸ்தவர்களைப் பற்றியது. பென்சில்வேனியாவில் 1755இல், போருக்கான வரியைக் கட்டலாமா என்று ஜான் உல்மன் உள்ளிட்ட குவேக்கர்கள் (போரே கூடாது என்று நம்பும் கிறிஸ்தவக் குழுவினர்) வேதனைப்பட்டு, கட்ட முடியாது என்று தங்கள் சகோதரருக்கு நிருபம் எழுதினார்கள். அமெரிக்காவில் எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் வருமான வரியும் நில வரியும் கட்டுகிறவர்கள், ஆனால் முதியவர்களைக் காப்பது சபையின் கடமை என்பதால் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு வரியை மறுத்தார்கள். சொந்தத் தொழில் செய்யும் ஆமிஷருக்கு 1965இல் சட்டம் விலக்குக் கொடுத்தது. ஆள் வைத்து வேலை வாங்கிய ஓர் ஆமிஷ் தச்சர் தமக்கும் வேண்டும் என்று வழக்குப் போட்டபோது, 1982இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. ஆளுக்கொரு நம்பிக்கையின் பேரில் வரியைக் கழித்துக்கொண்டே போனால் வரி அமைப்பே நிற்காது என்பது தீர்ப்பின் மையம்.

இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, கடைசியில் "நாம் எப்போதும் கீழ்ப்படிய வேண்டும்" என்று முடித்துவிட்டார்கள். அது போதாது. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுரு சொன்ன அப்போஸ்தலர் 5:29ஐத் தொடவே இல்லை. ரோமர் 13இல் தேவ ஊழியக்காரனாக நிற்கும் அதே அதிகாரம், வெளிப்படுத்தல் 13இல் மிருகமாக எழும்புகிறது. இரண்டும் ஒரே பேரரசைப் பார்த்து எழுதப்பட்டவை. ஒன்றை மட்டும் படிக்கிறவன் அரசு எது செய்தாலும் ஆமென் சொல்வான், மற்றதை மட்டும் படிக்கிறவன் எந்தக் கடமைக்கும் சாக்குச் சொல்வான். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேசியிருந்தால் இந்த அமர்வு மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியிருக்கும்.

வகுப்பில் சொல்லாத ஒன்றை நானே சொல்கிறேன். உல்மனும் அவரோடு இருந்தவர்களும் மறுத்ததை வெளிப்படையாக மறுத்தார்கள், பெயர் போட்டு எழுதினார்கள், பொருள் ஜப்தியானாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அவர்கள் யாரும் இரண்டு நோட்டு வைத்திருக்கவில்லை. "அரசாங்கம் சரியில்லை, அதனால்தான் கட்டவில்லை" என்று என்னிடம் சொல்பவர்களில் ஒருவர்கூட அந்தக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்ய முன்வந்ததில்லை. மனசாட்சியின் மறுப்புக்கும் பேராசையின் ஒளிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

பாடப் புத்தகம் எளிய தமிழில் இருக்கிறது. எல்லாச் சபையாருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறார்கள், கத்தோலிக்கப் போதனையையும் ஒதுக்கவில்லை. வரி கட்டுவதும் வாக்களிப்பதும் ஒழுக்கக் கடமை என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி 2240ஆம் எண்ணில் சொல்வதும், நியாயமான வரிகளைத் தந்திரமாகத் தப்பிக்க வெட்கப்படாதவர்களை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கண்டித்ததும் அதில் இருக்கின்றன. பழைய ஒழுக்கவியலார் சிலருடைய ஒரு கருத்தையும் போட்டிருக்கிறார்கள்: வரிச்சட்டத்தை மீறுவது பாவமல்ல, பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்பது. பெயர் தெரியாமலே நம்மில் பலர் அந்தக் கொள்கையில்தான் குடியிருக்கிறோம் என்று தோன்றியது. மத்தேயு 17இல் மீனின் வாயிலிருந்து வரிக்காசு எடுத்த சம்பவத்துக்கான பக்கம் மட்டும் குழப்பம். அது ரோம வரி அல்ல, தேவாலயத்துக்கான இரண்டு திராக்மா வரி. புத்தகம் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. எழுத்துப் பிழைகளும் உண்டு.

ஆறாவது அமர்வு ஒரு விருந்தினர் உரை. வாக்குரிமை, சாலை விதி, சுத்தம் என்று பொதுவான புத்திமதிகள். எரேமியா 29:7ஐ, சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற அந்த அருமையான வசனத்தை, வாசித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார். கேள்வி நேரமும் இல்லை.

உதவி மேசைக்கு முழு மதிப்பெண். ஆடிட்டர்களாக இருக்கும் விசுவாசிகள் சிலர் தனித்தனி மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் தாள்களைப் பார்த்தார்கள். பெயர் எழுதிக்கொள்வதில்லை, தாளை நகல் எடுப்பதில்லை, உங்கள் தொழில் எனக்கு வேண்டும் என்று கார்டு நீட்டுவதில்லை. கணவர் இறந்த பிறகு கடையை நடத்தும் ஒரு சகோதரி பையில் கட்டுக்கட்டாகப் பழைய ரசீதுகளோடு வந்திருந்தார். மேசையில் இருந்த பெண் அவற்றை மாதவாரியாகப் பிரித்து, எது வரவு எது செலவு என்று ஒரு நோட்டில் முதல் பக்கத்தைப் போட்டுக் காட்டி, மீதியை அவரையே எழுத வைத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, பின்னால் வரிசை நின்றது, அவர் அவசரப்படுத்தவில்லை. பயத்தால் பல வருஷமாகக் கணக்கே கொடுக்காமல் இருந்த அந்தச் சகோதரி அன்று கேட்ட கடைசிக் கேள்வி, "அப்போ நான் கட்ட வேண்டியது இவ்வளவுதானா?" என்பது. ஏமாற்றுகிறவர்களைப் போலவே, தெரியாமல் பயந்து ஒளிந்திருப்பவர்களும் சபையில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரசங்கத்தைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் காட்ட ஓர் ஆள் தேவை.

இந்த வகுப்பை உங்கள் சபையில் நடத்த அழைப்பதாக இருந்தால் சில யோசனைகள். ஆறாவது அமர்வை எடுத்துவிட்டுச் சபைக் கணக்கைப் பற்றிய அமர்வை வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் சபையின் வரவு செலவையே திரையில் போடுங்கள். மூன்றாவது அமர்வுக்கு முதலாளிகளும் வேலையாட்களும் ஒரே வட்டத்தில் உட்காரும்படி பிரியுங்கள், இல்லாவிட்டால் அந்த வழக்குகளுக்கு உயிர் வராது. உதவி மேசையைக் கடைசி நாளோடு நிறுத்தாமல் கணக்குத் தாக்கல் செய்யும் மாதம் வரை வைத்திருங்கள். மேசைக்கு ஆள் குறைந்தால் என்னைப் போல் கணக்கெழுதுகிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.